குளிருக்கு ஒரு சுவெற்றர்

பயணப் பையின் சிப் நடுவழியில் இறுகிப்போய் நின்றது. றொமேஸ் உள்ளே இருந்த உடுப்புகளைக் கதிரையில் எடுத்து வைத்துவிட்டு, குறட்டால் அதன் பல்லை நெரித்துக்கொண்டிருந்தான்.

"இரவு பஸ்ஸிலை ஏறினா விடிய நுவரெலியா" என்றான் அவனுடைய தங்கையின் கணவன் ஸ்ரனிஸ்லஸ். "நேரே உலக முடிவு எண்ட இடம் பாக்கப் போறம். பெரிய பள்ளமாம், மச்சான். கல்லைத் தூக்கிப் போட்டா விழுந்த சத்தமே கேக்காதாம்."

"முதல் ரூமுக்குப் போய் ஒரு தேத்தண்ணி குடிச்சு, குளிர் விட்டாப் பிறகு போகலாம்தானே."

"ரூம் எங்கை ஓடப் போகுது? சனமில்லாத நேரத்திலை பாத்தாத்தான் வடிவாம்."

குசினிக்குள் தங்கை பிரியந்தினி வழிக்குச் சாப்பிட இடியப்பம் கட்டிக்கொண்டிருந்தாள். அவளது இடது கண் இன்னும் முழுதாகத் திறக்கவில்லை. போன கிழமை ஸ்ரனிஸ்லஸ் அவள் தலையைப் பிடித்துக் கதவு நிலையில் மோதியிருந்தான். அதற்கு முன்பு ஒருநாள் அவளுடைய முன்பல் போனது.

கணவனும் மனைவியும் எங்கேயாவது போய் மனம்விட்டுக் கதைத்துவிட்டு வாருங்கள் என்று பங்குச் சுவாமியார் புத்தி சொல்லியிருந்தார். அதுதான் இந்தப் பயணம். முல்லைத்தீவுக் கடற்கரையைத் தவிர வேறொன்றும் தெரியாத இருவரும் தேயிலை மலைக்குப் போகிறார்கள்.

"அங்கை போயாவது அவளிலை கை வைக்காமல் இரு" என்றான் றொமேஸ். "குடிச்சுப்போட்டுத் தொழிலுக்குப் போறாய். ஒருநாளைக்குக் கடல் உன்னை எடுத்திடும்."

ஸ்ரனிஸ்லஸ் வயிறு குலுங்கச் சிரித்தான். "என்னையோ? வாடைக்காத்துக்குள்ளை படகு கவிண்டு, இரவு முழுக்க நீந்திக் கரைக்கு வந்தவன் நான். உன்ரை தங்கச்சி அந்தோனியாருக்கு நேத்தியும் வைச்சுப் பாத்திட்டாள், கடல் என்னை எடுக்குதில்லை!"

குசினிக்குள் பாத்திரச் சத்தம் ஒரு கணம் நின்றது. பிறகு தொடர்ந்தது.

சிப் சரியாக ஓடியது. றொமேஸ் உடுப்புகளைத் திரும்ப அடுக்கினான். இரண்டு துவாய், இரண்டு சோடி காலுறை. ஆனால் சுவெற்றர் ஒன்றுதான் இருந்தது. மண்ணிறம், கடை மணம்கூடப் போகவில்லை. பையின் அடிவரை கையை விட்டுத் துழாவினான். வேறொன்றும் இல்லை.

"மற்றச் சுவெற்றர் எங்கை?"

"எனக்கென்ன தெரியும்? எல்லாம் இவளின்ரை ஏற்பாடு" என்றான் ஸ்ரனிஸ்லஸ், கொட்டாவி விட்டபடி.

றொமேஸின் கை பைக்குள்ளேயே நின்றது. ரூமுக்குப் போக முதல் பள்ளம். சனமில்லாத நேரம். கீழே விழுந்தாலும் மேலே கேட்காத சத்தம். இரண்டு பேர் போகிறார்கள். குளிருக்கு ஒருவருக்குத்தான் உடுப்பு.

அவன் எழுந்த வேகத்தில் கதிரை சரிந்தது. கையில் அகப்பட்ட குறடு ஸ்ரனிஸ்லஸின் வாயில் இறங்கியது. ஸ்ரனிஸ்லஸ் இரத்தத்தோடு ஒரு பல்லைத் துப்பிவிட்டு, கடாமாடு போலத் தலையால் றொமேஸின் நெஞ்சில் இடித்தான். இருவரும் கட்டிப் புரண்டு முற்றத்து மணலில் விழுந்தார்கள்.

"விசரே பிடிச்சிட்டுது உனக்கு!" ஸ்ரனிஸ்லஸின் பெருவிரல் றொமேஸின் கண்ணுக்குள் அழுந்தியது. றொமேஸ் அந்த விரலைக் கடித்தான். எலும்பு தட்டும்வரை விடவில்லை.

பையோடு இழுபட்டு வந்த சுவெற்றர் றொமேஸின் கைக்கு அகப்பட்டது. அதன் கைகளால் ஸ்ரனிஸ்லஸின் கழுத்தைச் சுற்றி இறுக்கப் பார்த்தான். வலை இழுத்து இழுத்துத் தடித்த அந்தக் கழுத்தைச் சுற்றி முடிச்சிட அவை போதவில்லை. சுவெற்றரை எறிந்துவிட்டு, சுவரில் சாத்தியிருந்த வலை காவும் தடியை எடுத்தான்.

முதல் அடி தோளில் விழுந்தது. அடுத்தது முதுகில். மூன்றாவது காதோடு சேர்ந்து விழ, ஸ்ரனிஸ்லஸ் முகங்குப்புற மணலில் சாய்ந்து முனகினான்.

"இனி நீ எழும்பி நடக்கமாட்டாய்." முழங்காலுக்குக் குறி வைத்து றொமேஸ் தடியை ஓங்கினான்.

"அண்ணா!" பிரியந்தினி ஓடிவந்து தடியைப் பிடித்துத் தொங்கினாள். "விடண்ணா, விடு!"

"விடுறதோ? விசரி, உன்னைக் கொல்லத்தானடி கூட்டிக்கொண்டு போறான்! ரெண்டு பேருக்கு ஒரு சுவெற்றர். நீ திரும்பி வரமாட்டாய் எண்டு அவனுக்குத் தெரியும். பள்ளத்துக்கை தள்ளப் போறான் உன்னை!"

அவள் தடியை விட்டாள். கீழே கிடந்த சுவெற்றரை எடுத்தாள். மணலைத் தட்டினாள். அந்த வெயிலிலேயே அதைப் போட்டு, கழுத்துவரை தெறிகளைப் பூட்டினாள். தோளும் கையும் அளவெடுத்துத் தைத்ததுபோல அவளுக்குப் பொருந்தின.

"இது நான் வாங்கினது. பள்ளம் பாக்கப் போவம் எண்டு சொன்னதும் நான்தான்."

றொமேஸ் மூச்சு வாங்கினான். தடி இன்னும் தலைக்கு மேலே நின்றது.

"அப்ப அவனுக்கு?"

பிரியந்தினி திரும்பி, மணலில் கிடந்த கணவனைப் பார்த்தாள். பிறகு தமையனின் காதருகே வந்து மெதுவாகச் சொன்னாள்:

"காலிலை அடிக்காதை, அண்ணா. நாளைக்கு அவர் மலையேற வேணும்."