டான் உபால்டோவின் மூக்கு

எம்.ஆர்.ஐ. குழாய்க்குள்ளும் நாறியது.

அழுகிய மீன் நாற்றம். வெயிலில் இரண்டு நாள் கிடந்த சூரையின் குடல். வாயிலும் அதே ருசி ஊறியது. துப்ப வழியில்லை. முகத்துக்கு மேல் பிளாஸ்டிக் கூண்டு ஒன்றை மாட்டி, ஆடாமல் கிடக்கச் சொல்லியிருந்தார்கள். மிஷின் தகரத்தில் அடிப்பதுபோல் அடித்துக்கொண்டிருந்தது.

கையில் கொடுத்திருந்த ரப்பர் பந்தை டான் உபால்டோ அமுக்கினார்.

ஓடிவந்த பெண்ணிடம், இதைக் கழுவி எத்தனை மாதம் ஆகிறது என்று கேட்டார். இதற்கு முன் படுத்தவன் மீன் மூட்டையோடு படுத்தானா என்றும் கேட்டார். ஸ்பிரிட் வாசனையைத் தவிர ஒன்றுமில்லையே தாத்தா என்றாள் அவள்.

அவளுக்கு என்ன தெரியும்.

மந்தா கடற்கரையில் முப்பது வருஷமாக எந்தப் படகு வந்தாலும் முதலில் குனிவது இவருடைய மூக்குதான். செவுளைத் தூக்கி முகர்ந்து இவர் தலையாட்டினால்தான் வியாபாரிகள் கூடையை நீட்டுவார்கள்.

அந்த மூக்குதான் சொந்தப் படகில் மீன் பிடித்துவந்த மருமகன் கிளெபரைக் காட்டிக்கொடுத்தது. நேற்றைய மீனை இன்றைய மீனோடு கலக்கிற களவாணி. நான்கு தடவை பிடித்தார். நான்கு தடவையும் எல்லோர் முன்னாலும் காறித் துப்பினார்.

"உன் கையே நாறுதுடா. என் பொண்ணு எப்படித்தான் உன்கூடப் படுக்கிறாளோ."

மீனின் கண் பளபளவென்றுதான் இருந்தது. வியாபாரிகள் தயங்கினார்கள். ஆனாலும் உபால்டோ சொன்ன பிறகு யார் வாங்குவார்கள்?

வீட்டில் சோற்றுத் தட்டில் நாறியபோது அவன் சட்டை என்றார். தேவாலயத்தில் நாறியபோது அவன் பின்பெஞ்சில் இருந்தான்.

போன வாரம் சந்தையில் இவர் விழுந்து கைகால் உதறியபோது தூக்கியது அவன்தான். இன்று இங்கே கூட்டிவந்ததும் அவன்தான். வழியெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தார்.

டாக்டரம்மா படத்தைத் திரையில் காட்டினார். காதுக்கு உள்பக்கமாக, மூளைக்குள், எலுமிச்சை அளவில் வெள்ளையாக ஒன்று உட்கார்ந்திருந்தது.

கட்டி. அறுக்க வேண்டும். எந்த வகை என்பது அறுத்தால்தான் தெரியும். அந்த இடத்தில் கட்டி வந்தால் இல்லாத நாற்றம் மூக்குக்கு வருமாம். ஒரு நிமிஷம் இருந்துவிட்டுப் போய்விடுமாம். முதலில் எப்போது வந்தது என்று கேட்டார்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம். கிளெபரின் கூடை.

உபால்டோ பிழைப்பேனா என்றுகூடக் கேட்காமல் எழுந்து வெளியே வந்தார்.

கிளெபர் சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். தலையில் என்னவாம் என்று கேட்டான்.

"மீன் நல்ல மீன்தான்டா."

கிளெபர் குனிந்து, அவருடைய செருப்பை அவர் காலடிக்குத் தள்ளி வைத்தான்.

"எனக்குத் தெரியும் மாமா. என் படகை வாங்குனவனுக்கும் தெரியும்."