அவள் பக்கம்

“பொண்ணோட ஃப்ரெண்ட்ஸ் யாராவது இருந்தா மேடைக்கு வாங்க!”

போட்டோகிராபர் பழக்கதோஷத்தில் கத்திவிட்டார்.

மண்டபமே சிரித்தது. அறுபதாம் கல்யாணத்தில் பொண்ணாவது, ஃப்ரெண்டாவது!

அவள் சிரிக்கவில்லை.

கணவர் பக்கம் கூட்டம் இன்னும் கலையவில்லை. பள்ளிக்கூடத்துக் கூட்டாளிகள், ஆபீஸ்காரர்கள், சீட்டாட்டக் கோஷ்டி. யாருக்குக் காபியில் எவ்வளவு சர்க்கரை என்று அவளுக்குத் தெரியும். அவர்களில் பாதிப் பேருக்கு அவள் பெயர் தெரியாது.

முதல் கல்யாணத்தன்று அவள் பக்கமும் மேடை கொள்ளவில்லை. அப்புறம் சிநேகிதிகளில் ஒருத்தி ராஜபாளையம், ஒருத்தி பம்பாய். கொஞ்ச காலம் பொங்கல் வாழ்த்து வந்தது. பிறகு அதுவும் இல்லை.

அவருடைய கூட்டாளிகள் யாரும் எந்த ஊருக்கும் வாக்கப்பட்டுப் போகவில்லை.

ஆனால் இப்போது அவளுக்கும் மூன்று பேர் இருக்கிறார்கள். மத்தியானம் இலவச பஸ்ஸில் ஏறி, பாபநாசம் வரை சும்மா போய்ச் சும்மா திரும்புகிற சிநேகம். ஐம்பதுக்கு மேல் கிடைத்தது.

மூன்று பேருக்கும் புருஷன் இல்லை. அதனால் அவர்களாகவே கடைசி வரிசையில், கதவோரம் உட்கார்ந்திருந்தார்கள்.

“கோமு! வடிவு! செல்லக்கனி! மேல வாங்கடி!”

சிரிப்பு நின்றுவிட்டது.

கோமு வேண்டாம் என்று கையை ஆட்டினாள்.

நாத்தனார் காதோரம் குனிந்தாள். “மதினி, என்ன காரியம் பண்ணுதிய? கழுத்துல கயிறு ஈரங்கூடக் காயல. தாலியறுத்தவளுவள மேடைக்குக் கூப்பிடுதியளே!”

அவள் கணவரைப் பார்த்தாள்.

“விடு,” என்றார் அவர். “அவங்கள வீட்டுக்குக் கூப்பிட்டு போட்டோ எடுத்துக்கிடலாம்.”

வீட்டில்! யாரும் பார்க்காத இடத்தில்!

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கினாள். மாலையைக் கழற்றவில்லை. உட்கார்ந்திருந்தவர்கள் காலை மடக்கி வழிவிட்டார்கள்.

கதவோரம் போய்க் கோமுவுக்கும் வடிவுக்கும் நடுவில் உட்கார்ந்தாள். கோமுவின் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“தம்பி, கேமராவ இங்க கொண்டாங்க!”

போட்டோகிராபர் தயங்கி மேடையைப் பார்த்தார். அங்கே அத்தனை நண்பர்களுக்கு நடுவில், மாலையோடு கணவர் தனியாக நின்றுகொண்டிருந்தார்.

செல்லக்கனி மெல்ல நகர்ந்து ஒரு நாற்காலியைக் காலியாக்கினாள்.

கேமரா வந்தது. அதன் பின்னால் இன்னொரு மாலையும் வருகிறதா என்று அவள் பார்க்கவில்லை. வடிவின் முந்தானையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.