தமிழில் பேசிய குற்றம்

"உன் வாய்க்குப் பூட்டு போட்டாலும் நீ சாவி வெச்சிருப்பே. போ, வெளியே நில்லு."

ஆசிரியை அதட்டியதும் ஐந்து வயதுச் சிறுமி எழுந்துபோய் வகுப்பு வாசலில் நின்றாள். அவளுக்குப் பழகிய இடம்தான். ஆங்கிலப் பாடவேளையில் தமிழ் பேசக் கூடாது என்பது விதி. அவளோ, ஆசிரியை பட அட்டையைக் காட்டத் தொடங்கியதுமே பக்கத்துப் பையனின் காதில் தமிழில் கிசுகிசுப்பாள். ஆசிரியை அவளுக்கு 'லொடலொடப் பெட்டி' என்று பெயரே வைத்திருந்தாள்.

இன்று அந்த லொடலொடப்பு ஆகாது. தலைமையாசிரியையே தேர்வு வைக்க வந்திருந்தார். பத்துப் பட அட்டைகளில் எட்டுக்காவது ஆங்கிலத்தில் பெயர் சொன்னால் மேல் வகுப்பு; இல்லையேல் இதே வகுப்பில் இன்னொரு வருடம்.

அந்தப் பக்கத்துப் பையனின் முறை வந்தது. வளர்த்தி அதிகம் என்பதால் கடைசி வரிசை. ஆசிரியை கரும்பலகையருகே நின்று நாய்ப் படத்தைக் காட்டினாள். அவன் கண்ணை இடுக்கினான். பேசவில்லை. கதவு, ஓடும் சிறுவன், தூங்கும் குழந்தை என்று அட்டைகள் மாறின. அதே மௌனம்.

"சில நாள் கடகடன்னு சொல்லுவான் மேடம், சில நாள் இப்படித்தான். எல்லாம் பிடிவாதம்" என்றாள் ஆசிரியை.

தலைமையாசிரியை பேனாவைத் திறந்தார். ஆசிரியை அடுத்த அட்டையை உயர்த்தினாள்.

"குடை" என்றது வாசலிலிருந்து ஒரு குரல்.

"அம்ப்ரெல்லா" என்றான் பையன் உடனே.

ஆசிரியைக்குச் சுருக்கென்றது. "தினமும் அவன் காதுல கிசுகிசுக்கிறது பத்தாதா, பரீட்சையிலயும் சொல்லிக் கொடுக்கிறியா?"

"அவ குடைன்னுதானே சொன்னா? அம்ப்ரெல்லான்னது அவன்" என்ற தலைமையாசிரியை, சிறுமியை அருகில் அழைத்து, அவனிடம் தினமும் என்னதான் பேசுவாள் என்று கேட்டார்.

"என்ன படம்னு சொல்லுவேன் மேடம். அங்கேருந்து பார்த்தா அவனுக்கு வெறும் கலர்தான் தெரியுமாம். எனக்கு இங்கிலீஷ் வராது. அவனுக்கு எல்லாம் வரும்."

ஆசிரியை தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள். பின்வரிசையில் பிள்ளைகளின் முகங்கள் கலங்கிய நிறங்களாகக் கரைந்தன. அவன் கண்ணை இடுக்கியதை எத்தனை நாள் முறைப்பு என்று திட்டியிருக்கிறாள். அவன் பதில் சொல்லாமல் விழித்த நாள்களெல்லாம் சிறுமி வாசலில் நின்ற நாள்கள் என்பது இப்போதுதான் உறைத்தது.

அட்டைகளை எடுத்துக்கொண்டு அவனருகே போய் மண்டியிட்டாள். பத்துக்குப் பத்தும் சொன்னான். தலைமையாசிரியை எழுதிக்கொண்டார், ஆசிரியையின் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

தலை குனிந்து அட்டைகளை அடுக்கிய ஆசிரியையின் புடவையைச் சிறுமி மெல்ல இழுத்தாள்.

"மிஸ், இப்பவும் தமிழ்லதான் பேசிட்டேன். மறுபடி வெளியே போய் நிக்கட்டுமா?"