சம்பளம் இல்லாத வகுப்பு

“குழந்தைய ஒரு நிமிஷமாவது தனியா விடலாமா?” என்று கேட்டார் பயிற்சி கொடுக்க வந்த மேடம்.

“கூடாது மேடம்!” என்று எல்லோரும் கத்தினோம். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள்தான் தொண்டை கிழியக் கத்தினாள்.

அவள் பையன் அந்த நேரத்தில் வீட்டில் தனியாகத்தான் கிடந்தான். இன்னும் சரியாகப் பேச்சுகூட வரவில்லை அதற்கு. வெளியே பூட்டிவிட்டு வந்திருந்தாள்.

வேறென்ன செய்வாள், பாவி? நாங்கள் ஊரார் பிள்ளைகளைப் பகலெல்லாம் பார்த்துக்கொள்ளும் காப்பகத்து ஆயாக்கள். மணிக்கணக்கில்தான் கூலி. அவள் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுக்காரியும் மணிக்கணக்கில்தான் வாங்குகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வந்தே தீர வேண்டுமாம். வராதவர்கள் திங்கட்கிழமை வேலைக்கும் வர வேண்டாமாம். கூலி மட்டும் கிடையாதாம். கேட்டதற்கு, “சும்மா உக்காந்து கேக்கறதுக்குமா காசு?” என்கிறார் மேனேஜர். அந்த வாயில் கொள்ளி வைக்க.

பையனைக் கூடவே தூக்கிக்கொண்டு வரட்டுமா என்றும் கெஞ்சிப் பார்த்தாள். ஆயாக்களின் பிள்ளைகளுக்கு இங்கே இடமில்லையாம். மாடியில் தொட்டில்கள் எல்லாம் காலியாகத்தான் இருந்தன.

“தூங்கிட்டுதான் இருப்பான்க்கா” என்று காலையில் என்னிடம் சொன்னாள்.

பகலில் கண்ணே மூடாத வாலு அது. எப்படியடி தூங்கும் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் மேனேஜர் எங்களை உள்ளே விரட்டிவிட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

மேடம் சுவரில் அடுத்த படத்தைக் காட்டினார். இருமல் மருந்து பாட்டில். அழுகிற பிள்ளையைத் தூங்கவைக்கச் சில ஆயாக்கள் இதை ஊற்றிவிடுகிறார்களாம். அளவு மீறினால் மூச்சு குறையும், உதடு நீலம் பாரிக்கும், தட்டி எழுப்பினாலும் எழுந்திருக்காது என்றார்.

நாங்கள் உச்சுக் கொட்டினோம். “இவளுங்கல்லாம் பொம்பளைங்களா?” என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி.

பக்கத்தில் இருந்தவள் எழுந்து வாசலைப் பார்த்தாள். மேனேஜர் அங்கிருந்தே கையைக் காட்டி, உட்கார் என்றார். அவள் உட்காரவில்லை.

“மேடம்... மூணு மூடி குடுத்திருந்தா?”

அறை முழுக்கச் சிரிப்பு. அடி அசடே, வகுப்பை இன்னும் இழுக்கிறாயே என்று எனக்கு எரிச்சலாகக்கூட வந்தது.

மேடத்துக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. “பாருங்க, இவங்க ஒருத்தர்தான் அக்கறையா கேள்வி கேக்கறாங்க. எல்லாரும் கை தட்டுங்க.”

தட்டினோம். தட்டிக்கொண்டே அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. கை அப்படியே நின்றுவிட்டது.

“அது சாப்பாட்டுக்கு அப்புறம் வர்ற பாடம்” என்றார் மேடம். “இப்ப உக்காரும்மா.”