முள் வைத்த புற்று

நேற்றுச் சாயங்காலம் இடிமழை விட்டதும் ஓடைக்கரைப் புற்றில் காளான் மொட்டுகளைப் பார்த்த பவுனுத்தாய், அவற்றின் மேல் ஒரு களாமுள் கிளையை வைத்துவிட்டுப் போனாள். முள் வைத்தவருக்கே காளான் என்பது ஊர் வழக்கம். விடிந்ததும் வந்தால், அவள் முள்ளுக்கு மேல் இன்னொரு களாமுள். பக்கத்தில் கொழுந்தன் மனைவி செல்லக்கிளி. பாகப்பிரிவினையில் வீட்டுக்கு நடுவே சுவர் எழுந்த நாளிலிருந்து இருவரும் பேசுவதில்லை.

“கீழ கெடக்குறது எம்முள்ளு. நாந்தான் மொதல்ல பாத்தேன்” என்று புற்றிடம் சொன்னாள் பவுனுத்தாய்.

“மேல கெடக்குறத எடுத்தாத்தான கீழ கை போகும்” என்று வேலியிடம் சொன்னாள் செல்லக்கிளி.

ஆளுக்கொரு கிளையைப் பிடித்து இழுத்தார்கள். முள்ளோடு முள் மாட்டிக்கொண்டு பிரியவில்லை. பழுத்த களாப்பழங்கள்தான் பொலபொலவென்று உதிர்ந்தன. வெயில் ஏறிக்கொண்டிருந்தது; மொட்டு விரிந்துவிட்டால் காளானின் ருசி போய்விடும்.

“விரிஞ்சிரும்க்கா, சேந்து தூக்குங்க!” என்று கத்தினாள் செல்லக்கிளி.

அக்கா என்று காதில் விழுந்ததும் பவுனுத்தாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மத்தியானம் இரண்டு வீட்டிலும் காளான் குழம்பு மணந்தது. சுவருக்கு மேலே செல்லக்கிளியின் தலை எழும்பி, களாப்பழத்தில் சிவந்த நாக்கை நீட்டி அழகு காட்டிவிட்டு மறைந்தது. பவுனுத்தாயும் தன் சிவந்த நாக்கை நீட்டினாள்.

“யாருக்குடி அழகு காட்டுற?” என்றான் சோற்றில் கை வைத்திருந்த புருஷன்.

“சொவத்துக்கு.”