இடப்பக்கத்து வீடு

"இந்தப் பாலத்துல மூணாவது தடவையா ஏறுறீங்க தம்பி. வெனிஸ்ல பாலத்துக்கா பஞ்சம்? வேற ஒண்ணுலயும் ஏறிப் பாக்கலாமே!"

பொத்தான் கடை வாசலில் நின்றபடி கதினா குரல் கொடுத்தாள்.

பாலத்தின் மேல் நின்றவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஆல்விசே என்று பெயர். மடிப்புக் கலையாத கறுப்புக் கோட்டுக்குள் வியர்த்து வழிந்துகொண்டிருந்தார்.

"வழி தப்பிடுச்சு அக்கா. சாய்ஞ்ச மணிக்கூண்டுகிட்ட ஒர்சொலான்னு ஒருத்தங்க வீடு. பன்னெண்டு அடிக்கறதுக்குள்ள போயாகணும்."

"வீட்டு நம்பர்?"

"தெரியாது."

"கதவு என்ன நிறம்?"

"பாத்ததில்ல."

"ஓ, முதல் தடவையா போறீங்களா?"

"இல்லையே. பதினோரு வருஷமா, வாராவாரம் செவ்வாய்க்கிழமை போயிட்டுத்தான் இருக்கேன்."

கதினா நாற்பது வருடமாக வியாபாரம் செய்கிறவள். பொய் சொல்கிறவர்கள் கண்ணைப் பார்க்க மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். இந்த மனிதர் நேராகத்தான் பார்த்தார். அதுதான் அவளுக்குக் குழப்பமாக இருந்தது.

"பதினோரு வருஷமாப் போற வீட்டுக்குக் கதவு தெரியாதா? ஜன்னல் வழியா ஏறிக் குதிக்கிறீங்களா?"

ஆல்விசேயின் காதுகள் சிவந்தன. "சேச்சே, கௌரவமான பொம்பளை அக்கா அவங்க."

"நீங்க தரைக்காரரா?"

அக்கரையிலிருந்து ரயிலேறி வருகிறவர்களை இந்த ஊர்க்காரர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அதில் பாராட்டு எதுவும் கிடையாது. ஆல்விசே மறுக்கவில்லை. உண்மையைச் சொன்னால் இதைவிட அதிகமாகச் சிரிப்பாள்.

"சரி, என்ன அவசரம்?"

"இன்னிக்கு அவங்க மகன் வீட்டோட போயிடறாங்க. பன்னெண்டு அடிச்சதும் கிளம்பறாங்களாம். போன வாரம் எங்கிட்ட, 'யாராவது போகாதேன்னு ஒரு வார்த்தை சொன்னா இருந்துடுவேன்'னாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"'காலிக் கூடையைக் குடுங்க'ன்னேன்."

கதினா நெற்றியில் அடித்துக்கொண்டாள். கடைக்குள் போய்ச் சாவியை எடுத்து வந்தாள்.

"நானே கூட்டிட்டுப் போறேன். ஆனா, சும்மா இல்ல. கல்யாண விருந்துல எனக்கு ஒரு நாற்காலி."

"கண்டிப்பா."

"என் வீட்டுக்காரருக்கும் ஒண்ணு."

"சரிக்கா."

"அவரு ரெண்டு ஆள் சாப்பாடு சாப்பிடுவாரு. இப்பவே சொல்லிட்டேன்."

பேரம் படிந்தது. இருவரும் நடந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக மட்டுமே போக முடிகிற சந்துகள். கதினா முன்னால் ஓட, திருப்பத்துக்குத் திருப்பம் ஆல்விசே திகைத்து நின்றார்.

"பொண்ணு கேக்கப் போறீங்க, கையில ஒரு பூ கூட இல்லையே?"

"எப்பப் போனாலும் எதையாவது தூக்கிட்டுத்தான் போறேன் அக்கா. இன்னிக்கு ஒரு நாளாவது வெறுங்கையோட, கோட்டு போட்டு, கதவைத் தட்டி, மரியாதையா நின்னு கேக்கணும்னு ஆசை."

கதினா திரும்பிப் பார்த்தாள். அதற்கு மேல் கிண்டல் செய்ய அவளுக்கு மனம் வரவில்லை.

சந்து ஒரு சின்ன சதுக்கத்தில் போய் முடிந்தது. எதிரே சாய்ந்த மணிக்கூண்டு. அதை ஒட்டி இரண்டு பக்கமும் இரண்டு வீடுகள்.

"எந்தப் பக்கம்?"

"இடப்பக்கம். இதுல மட்டும் சந்தேகமே இல்ல." ஓடிப்போய் இடப்பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார்.

முகமெல்லாம் சோப்பு நுரையோடு ஒரு வழுக்கைத்தலைக்காரர் எட்டிப் பார்த்தார். "ஒர்சொலாவா? என்னைப் பாத்தா ஒர்சொலா மாதிரியா இருக்கு? கூண்டுக்கு வலப்பக்கம் போங்கய்யா!"

"இடம் வலம் தெரியாத ஆளுக்குப் பொண்டாட்டி வேற!" கதினா அவர் கோட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள்.

"எனக்கு அது எப்பவுமே இடப்பக்கம்தான் அக்கா!"

தலைக்கு மேலே மணி அடிக்கத் தொடங்கியது. ஆல்விசே வலப்பக்கத்துக் கதவைத் தட்டினார். பதில் இல்லை. பன்னிரண்டும் அடித்து ஓய்ந்தது. கதவு அசையவில்லை.

"போயிட்டாங்க." வாசற்படியில் தொப்பென்று உட்கார்ந்தார். "பதினோரு வருஷம் வாயைத் திறக்கல. இன்னிக்கு நேரத்துல வந்து சேரவும் துப்பில்ல."

கதினா அவர் கோட்டின் தோளில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டாள்.

"எந்திரிங்க. இன்னொரு தடவை தட்டுங்க. முதல்ல கேட்டதுக்கே எவ தம்பி தலையாட்டுவா?"

அவர் எழுந்து இன்னொரு முறை தட்டினார். அவ்வளவு பலமாக இல்லை.

உள்ளே தொலைவில் யாரோ ஓடிவரும் சத்தம். தாழ்ப்பாள் விலகியது. கதவைத் திறந்த ஒர்சொலாவுக்கு மூச்சு வாங்கியது. ஊருக்குப் போகிற உடுப்பு. முழங்கால் வரைக்கும் ஒரே ஈரம். ஆல்விசேயைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். பளபளவென்று துடைத்த அவருடைய சப்பாத்துகளைப் பார்த்ததும் அவள் கண்கள் நிறைந்துவிட்டன.

"அடப்பாவி மனுஷா! உன் காய்கறிப் படகு வரும் வரும்னு விடிஞ்சதுலேருந்து பின்பக்கத் தண்ணிப்படியில உக்காந்து கால்வாயையே பாத்துட்டிருக்கேன். பதினோரு வருஷமா படகைவிட்டுக் கீழ கால் வைக்காத ஆளு, இன்னிக்குன்னு பாத்தா நடந்து வரணும்?"