பன்னிரண்டாவது படி

அன்று காலை அந்தப் பல் மருத்துவமனையில் இருந்தவர்கள் ஆறு பேர். டாக்டரம்மா, நர்ஸ், நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்துக்கொள்ளும் பதிவக்கா, மாதம் இருமுறை வந்து கம்ப்யூட்டர்களைக் கவனிக்கும் கறார், நாற்காலியில் வாயைத் திறந்தபடி ஒருவர், அவர் மனைவி.

கறார் என்பது அவர் தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர். லேப்டாப் மூடியிலும் அதையே ஒட்டியிருந்தார்.

நாற்காலிக்காரருக்குப் பாதி வேர் சிகிச்சை முடிந்திருந்தது. மீதியைச் செய்யப் போன வாரம் எடுத்த எக்ஸ்ரே வேண்டும். கம்ப்யூட்டரில் அது இல்லை. எந்த எக்ஸ்ரேயும் இல்லை.

"மொத்தம் இருநூத்திப் பன்னிரண்டு பேர். போன மாசக் கடைசியில நான் எடுத்து வெச்ச நகல்ல நூத்தியெண்பத்தேழு பேர் படம் பத்திரமா இருக்கு. இந்த மாசம் வந்த இருபத்தஞ்சு பேரோடது போச்சு," என்றார் பதிவக்கா.

"ஞாயித்துக்கிழமை இந்தக் கம்ப்யூட்டரை ஓட்டுற லினக்ஸோட புதுப் பதிப்பைப் போட்டது யாரு?" கறார் தெரிந்துகொண்டே கேட்டார்.

"நான்தான். உங்களுக்கு நேரமில்லன்னு, இன்டர்நெட்ல இருக்கிற உதவிப் பக்கத்தைப் படிச்சு என்னையே போட்டுக்கச் சொன்னீங்க."

"போடச் சொன்னேன். உள்ள இருந்ததைத் துடைச்சுப் போடச் சொன்னேனா?"

பதிவக்கா அச்செடுத்த தாளை நீட்டினார். பதினான்கு படிகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பென்சிலால் ஒரு டிக்.

கறார் தாளைத் தொடவே இல்லை. "திரையில 'வட்டை அழி'ன்னு, டிஸ்க்கை முழுசா அழிக்க ஒரு பெட்டி வந்திருக்குமே. அதுல குறி இருக்கும். எடுத்தீங்களா?"

"எடுக்கச் சொல்லி இதுல இல்லையே."

"அதுகூடவா தெரியாது?"

"தெரிஞ்சா நான் ஏன் சார் தாளைப் பிடிச்சுக்கிட்டு உக்காரப் போறேன்?"

"ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்."

நர்ஸ் தலைகுனிந்துகொண்டார். பதிவக்காவுக்குக் காது மடல் வரை சுட்டது. ஒன்பது வருட வேலை. இதுவரை ஒரு சீட்டு மாறியதில்லை.

டாக்டரம்மா கையுறையை உருவிக் கூடையில் எறிந்துவிட்டுப் பதிவக்காவிடம் திரும்பினார். "நான் இருபத்தஞ்சு பேர் கிட்ட பதில் சொல்லணும். இனி நீங்க கம்ப்யூட்டர் பக்கம் போக வேண்டாம். இந்த மாசத்தோட..."

மேலே சொல்லவில்லை. சொல்லாததும் எல்லோருக்கும் கேட்டது.

பதிவக்கா எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து வந்தார்.

"போன வருஷம் சார் புதுப் பதிப்பு போட்டப்ப அச்செடுத்த தாள். அதே பக்கம்தான். எண்ணிப் பாருங்க, பதினஞ்சு படி."

டாக்டரம்மா பன்னிரண்டாவது படியைச் சத்தமாகப் படித்தார். "'வட்டை அழி' என்ற பெட்டியில் குறி இருக்கும். அதை எடுத்துவிடுங்கள். எடுக்காவிட்டால் உள்ளே இருப்பது எல்லாம் போய்விடும்."

"சட்டியில இருந்தாத்தானே சார் அகப்பையில வரும்?" என்றார் பதிவக்கா.

கறாரின் கோபம் திசை மாறியது. "எவனோ மடையன் அந்தப் படியை எடுத்திருக்கான். ஆள் ஆளுக்குத் திருத்துற பக்கம்ல? அவன் மட்டும் கையில கிடைச்சா, நிக்க வெச்சு நாலு கேள்வி கேப்பேன்."

"யாருன்னு தெரியுமா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"ஏன் தெரியாம? யார், எப்ப, எதுக்கு மாத்தினாங்கன்னு எல்லாமே பக்கத்தோட வரலாற்றுல பதிவாயிருக்கும். இப்பவே காட்டறேன்."

லேப்டாப்பில் பக்கத்தைத் திறந்து, எல்லோருக்கும் தெரியும்படி திருப்பி வைத்து, தேடினார். பட்டியல் ஓடி, எட்டு மாதத்துக்கு முந்தைய ஒரு வரியில் நின்றது. அவர் கையும் நின்றது.

'பன்னிரண்டாவது படி நீக்கப்பட்டது. காரணம்: இதுகூடத் தெரியாதவர்கள் கம்ப்யூட்டரைத் தொட வேண்டாம். நீக்கியவர்: கறார்.'

நாற்காலிக்காரர் பஞ்சு அடைத்த வாயோடு "ஆ... ஆ..." என்று லேப்டாப் மூடியைக் காட்டினார்.

"ஏங்க, மூடிக்குப் பின்னால ஒட்டியிருக்கிற பேருதான. முன்னாடியே படிச்சாச்சு, வாயை அசைக்காம இருங்க," என்றார் அவர் மனைவி.

'இந்த மாசத்தோட' என்று நிறுத்திய பேச்சை டாக்டரம்மா அதன் பிறகு தொடரவே இல்லை.

பதிவக்கா இருபத்தைந்து பெயரையும் போன் நம்பரையும் எழுதிய தாளைக் கறாரின் முன்னால் வைத்தார்.

"ஒவ்வொருத்தரா கூப்பிட்டு மறுபடி படம் எடுக்க வரச் சொல்லுங்க சார். யார் அழிச்சதுன்னு கேப்பாங்க. அதையும் சொல்லுங்க."

கறார் முதல் பெயரைப் பார்த்தார். அதற்குப் போன் தேவைப்படவில்லை. நாற்காலியின் பக்கம் திரும்பி, "தப்பு என்னுதுதாங்க," என்றார்.

பதிவக்கா பென்சிலை எடுத்து ஒரு டிக் போட்டார்.

பாக்கி இருபத்து நான்கு.